வைகைப் பக்கம் ஏறி, காவிரிப் பக்கம் இறங்க: பழனி மலையில் ஏழு நாள் சைக்கிள் பயணம்

கொடைக்கானலுக்கு சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மலையடிவாரத்தில் இருக்கிற காட்ரோட்டிலிருந்து மேலே ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத்தான். ஒரே நாளில் ஏறி அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் டீ குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: மலையைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் கம்பம் பள்ளத்தாக்கில் சுற்றுங்கள். கால் பழகும், சைக்கிளில் என்ன கோளாறு இருந்தாலும் கடை இருக்கும் ஊரிலேயே தெரிந்துவிடும், பன்னீர் திராட்சையைப் பந்தலுக்கு அடியிலேயே நின்று சாப்பிடலாம். இது எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான காரணம் தண்ணீர். கம்பத்து முல்லையாறும், பெரியகுளத்து வராக நதியும், தேவதானப்பட்டி மஞ்சளாறும் கடைசியில் வைகையில்தான் சேர்கின்றன. அந்தப் பக்கம் ஏறி, மலை முகட்டைத் தாண்டி, பழனிப் பக்கம் இறங்கினால் அங்கே ஓடுகிற பாலாறும் பொருந்தலாறும் வரதமாநதியும் சண்முக நதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. ஒரு ஆற்றுப் படுகையிலிருந்து இன்னொன்றுக்கு நம் காலாலேயே கடந்து போகிறோம். காரில் போனால் இது தெரியவே தெரியாது.

வழி இதுதான்: போடி, கம்பம், பெரியகுளம், பெருமாள்மலை, கொடைக்கானல், மன்னவனூர், திரும்பவும் கொடைக்கானல், பழனி. எல்லாம் சேர்த்து சுமார் 320 கி.மீ. வரும். தினமும் 40, 50 கி.மீ. சமதளத்தில் ஓட்டிப் பழகிய யாரும் செய்யலாம்.

எப்போது போவது

தைப்பூசம் முடிந்த மறு வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை. என் கணக்கில் இதைவிட நல்ல காலம் இல்லை. தைப்பூசத்துக்கு முன்னால் போனால் பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரை போகிறவர்கள், ராத்திரி பகல் என்றில்லாமல் நடந்துகொண்டே இருப்பார்கள், பழனியில் அறை கிடைப்பது கஷ்டம். பங்குனி உத்திரம் எந்தத் தேதியில் வருகிறது என்றும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் கம்பம் பள்ளத்தாக்குச் சாலையில் சபரிமலை வண்டிகள் இடைவிடாமல் ஓடும், சைக்கிளுக்கு அது ஏற்ற நேரமில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் மலைச் சாலைகளில் மண் சரியும், மரம் விழும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்தில் வெயில் கொளுத்தும், மேலே கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று, கம்பத்தை நோக்கிப் போகும்போது மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும்.

ஜனவரியில் போனால் ஒன்று: விடியற்காலையில் கொடைக்கானலில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழுந்திருக்கும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க முடியாது.

சைக்கிளும் சாமானும்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை, கியர் மட்டும் சரியாக இருக்கவேண்டும். முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரமும் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே பல் எண்ணிக்கையில் இருந்தால், உதாரணமாக முன்னால் 34, பின்னால் 34, பையோடு ஏறிவிடலாம். முன்னால் இன்னும் சின்னதாக 26, 28 பல் இருந்தால் முட்டி உங்களை வாழ்த்தும். பந்தயச் சைக்கிளின் 23 மி.மீ. மெல்லிய டயரோடு வராதீர்கள், 32 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். மன்னவனூர் பக்கம் சாலை சில இடங்களில் பெயர்ந்திருக்கும்.

சாமான் 8 கிலோவைத் தாண்டக் கூடாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறவே ஏறாதீர்கள், கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற பைதான் சரி. இரண்டு செட் ஓட்டும் உடை, ஒரு செட் சாயங்கால உடை, ஸ்வெட்டர், காற்று புகாத மெல்லிய ஜாக்கெட், மழைக்கோட்டு, முழுவிரல் கையுறை. கருவிகளில் இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஆலன் சாவிகள், சங்கிலி வெட்டும் கருவி, ஒரு சின்னக் குப்பி எண்ணெய், கட்டாயமாக ஒரு ஜோடி பிரேக் கட்டை. சமதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு பிரேக் கட்டை தேய்வது எப்போதோ நடக்கிற விஷயம், இந்தப் பயணத்தில் கடைசி ஒரே நாளில் தேய்ந்துவிடும். அப்புறம் பின்பக்கச் சிவப்பு விளக்கு. பகலிலும் எரியவிடுங்கள், பெருமாள்மலைக்கு மேல் மூடுபனி வந்தால் பத்தடி தூரத்தில் இருப்பவர்கூடத் தெரியமாட்டார்.

பள்ளத்தாக்கில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் கருவேல முள்தான். வண்டியை ஓரமாக மண்ணில் சாய்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி முள் நுனி இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால் அரை மணி நேரத்தில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

பயிற்சிக்கு ஆறு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் 30 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 60 கி.மீ., கடைசி இரண்டு வாரத்தில் ஒரு முறையாவது நிஜமான மலை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரி, மதுரை, திண்டுக்கல்காரர்களுக்கு 18 வளைவுகள் உள்ள சிறுமலை. பையில் சாமானை வைத்துக்கொண்டே ஏறிப் பாருங்கள், வெறும் சைக்கிளில் ஏறுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ரயிலில் கொண்டுபோவது

மதுரையிலிருந்து தேனிக்கு 2022இல் அகல ரயில் பாதை வந்தது, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. சென்னையிலிருந்தும் போடிக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில் உண்டு. தேனியில் இறங்காமல் போடிக்கே போங்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: போடி கடைசி நிலையம். வழியில் உள்ள நிலையங்களில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் பிரேக் வேனிலிருந்து சைக்கிளை இறக்குவதற்குள் பதற்றமாகிவிடும். போடியில் நிதானமாக இறக்கலாம்.

ஏறுகிற நிலையத்தில் பார்சல் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பம்பு, விளக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கியர் மாற்றும் பகுதியைச் சுற்றித் துணியைக் கட்டி, பெயரும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். பார்சல் வேண்டாம் என்றால் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பெரிய பையில் போட்டு பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம். நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

துணைக்குக் கார் வருகிறது என்றால் அதற்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம்.

முதல் நாள்: போடியிலிருந்து கம்பம், சுமார் 60 கி.மீ.

தேனி வழியாகப் போகிற பெரிய சாலையை விட்டுவிடுங்கள். போடியிலிருந்து ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மேற்கு மலையடிவாரத்தை ஒட்டியே ஒரு சாலை உத்தமபாளையத்துக்குப் போகிறது. வலது கைப் பக்கம் முழுக்க ஏலக்காய் மலை சுவர் போல வரும், இடது பக்கம் தென்னையும் சோளமும் தரிசும். வண்டி நடமாட்டம் குறைவு. பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர், டீக்கடையில் நின்றால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

உத்தமபாளையத்தில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கிழக்குப் பக்கம் போங்கள். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. இதுதான் திராட்சை நாடு. ராயப்பன்பட்டிக்கு மேலே மேகமலை அடிவாரத்தில் ஒரு அணை இருக்கிறது, அதற்குப் பெயர் சண்முகாநதி. பழனியில் கடைசி நாள் போய் நிற்கப்போகும் ஆற்றுக்கும் அதே பெயர், ஆனால் இரண்டும் வேறு வேறு ஆறுகள்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "உள்ளே வந்து பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டேன். "வாங்க தம்பி, எங்கிட்டு இருந்து வர்றீக?" என்றார் தோட்டக்காரர். கல்தூண்களுக்கு மேல் கம்பி வலை, அதன்மேல் கொடி, தலைக்கு மேல் ஓலைக் கூரை போல இலை. வெளியே வெயில் சுட்டுக்கொண்டிருக்க, உள்ளே காலடியில் ஈரம் சில்லென்று இருந்தது. இலைகளில் வெளிறிய நீலத்தில் சொட்டுச் சொட்டாகக் கறை. அது போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூஞ்சணத்துக்கு அடிப்பது. அவர் மனைவி ஒவ்வொரு கொத்தையும் காம்பில் பிடித்துச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, பழத்தில் விரல் படாமல் திருப்பிப் பார்த்து, வெடித்த பழத்தையும் செங்காயையும் நறுக்கி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் தொடாமல் வெட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு பழத்தைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். மேலே படிந்திருந்த சாம்பல் பூச்சு போய்க் கறுப்பாகப் பளபளத்தது. "இந்த மாவு போயிருச்சுன்னா பழசுன்னு ஏவாரி விலையக் கொறைப்பாரு" என்றார்.

பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். விதை உண்டு, தோல் மெல்லிசு, வாயில் போட்டதும் வாசனைதான் முதலில் வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் மற்ற இடங்களில் திராட்சைக்குப் பெரும்பாலும் வருஷத்தில் ஒரு பருவம்தான், இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். கொடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ததிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வரும், ஆளுக்கொரு நாளில் கவாத்து செய்வதால் ஒரு பந்தலில் பூவும் பக்கத்துப் பந்தலில் பழமும் பார்க்கலாம். சாறு, ஜாம், வைன் எல்லாவற்றுக்கும் இந்தப் பழம் போகிறது. வைன் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதைப் பயணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளும் மலைப்பாதையும் குடித்துவிட்டுப் போகிற இடமில்லை.

இரண்டு விஷயம் மட்டும். கேட்காமல் பந்தலுக்குள் நுழையாதீர்கள், பறிக்காதீர்கள், அரைக் கிலோவாவது காசு கொடுத்து வாங்குங்கள். மருந்து அடித்திருப்பார்கள், கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

நேரம் இருந்தால் சுருளி அருவிக்குப் போகலாம். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை மூடிவிடுவார்கள், ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி கம்பத்தில் தங்கல், லாட்ஜ்களுக்குக் குறைவில்லை.

ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்தால் பையை அறையிலேயே போட்டுவிட்டுக் கூடலூர் வழியாக லோயர் கேம்ப் போய் வாருங்கள். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டது 1895இல். அந்தத் தண்ணீர் மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்நிலையத்துக்கு வருவதைக் கீழே நின்று பார்க்கலாம். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபமும் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15இல் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: கம்பத்திலிருந்து பெரியகுளம், சுமார் 56 கி.மீ.

இது ஓய்வு நாள் மாதிரிதான், ஆற்றோடு சேர்ந்து கீழே போகிறோம். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி. ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலை போட்டிருக்கிறார்கள், அதில் ஏறாதீர்கள், பேருந்துகளும் லாரிகளும் முழு வேகத்தில் போகும், நிழலும் கிடையாது. ஊருக்குள் போகிற பழைய சாலைதான் நமக்கு. இரண்டு பக்கமும் வயல், வாழை, குறுக்கே வாய்க்கால். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் முல்லையாறு ஓடுகிறது, படித்துறையில் காலை நனைத்து அரை மணி உட்காரலாம்.

பெரியகுளத்தில் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிடுங்கள். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக், கியர் கம்பி, டயர் காற்று எல்லாம் பாருங்கள், ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் இங்கேயே. ராத்திரி நன்றாகச் சோறு சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள்.

இங்கிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக நேரே பெருமாள்மலைக்கு ஏறுகிற ஒரு குறுக்குச் சாலை உண்டு. அழகான சாலைதான், ஆனால் குறுகல், ஏற்றம் கடுமை, மழைக்குப் பிறகு மண் சரிந்து மூடிவிடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள்: ஏறும் நாள், சுமார் 55 கி.மீ.

ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். இதில் மட்டும் சமரசமே கூடாது. நான் ஒரு முறை காலை எட்டு மணி வரை டிபனுக்குக் காத்திருந்து கிளம்பி, காட்ரோட்டில் ஏற்றம் தொடங்கும்போதே ஒன்பதரை ஆகிவிட்டது. அடிவாரத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காற்றே இருக்காது, பாறை வெப்பத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கொண்டுவந்த தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்து, தலை சுற்றி, ஒரு புளியமர நிழலில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். அந்த வழியாக வந்த ஒரு ஜீப்காரர் தண்ணீரும் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார். அதே ஏற்றத்தை அடுத்த வருஷம் ஆறரை மணிக்குத் தொடங்கியபோது வேர்வைகூடப் பெரிதாக இல்லை.

தேவதானப்பட்டி 12 கி.மீ., அங்கே இட்லி. காட்ரோட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, வாழைப்பழம் நான்கு, கடலைமிட்டாய். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து கொடைக்கானலின் 2,100 மீட்டருக்கு ஏறக்குறைய 46 கி.மீ.யில் ஏறுகிறது இந்தச் சாலை. சராசரியாக நூற்றுக்கு நான்கு என்ற அளவுதான், எங்கேயும் நெஞ்சை அடைக்கிற செங்குத்து இல்லை. மேஜர் லா என்பவர் 1875 வாக்கில் வேலையைத் தொடங்கி வைத்த சாலை என்பதால் லாஸ் காட் என்றே பெயர், வண்டிகள் மேலே வரை ஓடத் தொடங்கியது 1916இல்.

ஏறுகிற முறை எளிது. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் வேண்டாம். கால் ஒரு நிமிஷத்துக்கு 70 சுற்றாவது சுற்றவேண்டும், அதற்குக் கீழே போனால் கியரைக் குறையுங்கள். 45 நிமிஷத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிஷம் நில்லுங்கள், தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள். வளைவில் மேலே ஏறும்போது உள் ஓரத்தில் ஒட்டாதீர்கள், அங்கேதான் செங்குத்து அதிகம், வளைவின் நடுவாக்கில் போனால் சாய்வு குறையும். ஆனால் பேருந்து ஹாரன் கேட்டால் உடனே ஓரம் கட்டி நின்றுவிடுங்கள், இறங்குகிற பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்.

டம்டம் பாறையில் கட்டாயம் நில்லுங்கள். எதிர்ச் சரிவில் தலையாறு அருவி வெள்ளை நூல் போலத் தொங்கும், எலிவால் அருவி என்று சொல்வது அதைத்தான். உயரம் 297 மீட்டர், இந்தியாவின் உயரமான அருவிகளில் ஒன்று. அந்தத் தண்ணீர்தான் கீழே மஞ்சளாறு அணைக்குப் போய், காலையில் நீங்கள் இட்லி சாப்பிட்ட ஊர்ப் பக்கம் வயலுக்குப் பாய்கிறது. குரங்குகள் உண்டு, வாழைப்பழத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள்.

அதற்கப்புறம் காற்று மாறும். ஊத்து என்ற ஊர் வந்ததும் காப்பித் தோட்டமும் ஆரஞ்சும் சில்வர் ஓக் மரங்களும். பெருமாள்மலையில் தங்கிவிடுங்கள். கொடைக்கானலுக்கு இன்னும் 12 கி.மீ. ஏற்றம்தான், ஆனால் அதைக் களைத்த காலோடும் சாயங்கால நெரிசலோடும் ஏறுவதற்குப் பதில் மறுநாள் காலையில் வெயிலோடு ஏறுவது எவ்வளவோ மேல்.

நான்காம் நாள்: கொடைக்கானல்

காலையில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம், வழியில் வெள்ளி அருவி. ஊருக்குள் நுழைந்ததும் ஏரியைச் சுற்றி ஒரு வட்டம், சுமார் 5 கி.மீ. இந்த ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் உருவாக்கியது. வாடகை சைக்கிளில் சுற்றுகிற குடும்பங்களுக்கு நடுவே சேறு படிந்த பையோடு நீங்கள் போனால் நான்கு பேராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். மிச்ச நேரம் ஓய்வு, துணி துவைத்தல், தூக்கம்.

தங்கும் இடத்தில் முன்பணம் கொடுக்கும் முன், சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். ஒரு விடுதியில் எனக்கு அது கிடைக்கவில்லை, ராத்திரி முழுக்க வெளியே தூறலில் நின்று சங்கிலி துருப்பிடித்துவிட்டது, காலையில் குரங்கு இருக்கைப் பையைக் கிழித்துப் போட்டிருந்தது. அதைவிட முக்கியம், இருட்டிய பிறகு ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் மேய வரும். சாதுவாகத்தான் தெரியும். கிட்டே போகாதீர்கள், முகத்தில் விளக்கடிக்காதீர்கள், அது வழியை விடும்வரை நில்லுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கு மலையில் தடை உண்டு, சொந்தப் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் தேவையான பணத்தை இங்கேயே எடுத்துவிடுங்கள், அடுத்த இரண்டு நாள் நம்பி இருக்க முடியாது.

ஐந்தாம், ஆறாம் நாள்: பூம்பாறை, மன்னவனூர்

எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த பகுதி இதுதான். சோலையும் பைன் காடும் முடிந்து, ஒரு திருப்பத்தில் பூம்பாறை கீழே மொத்தமாகத் தெரியும்: நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகள், சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள், பச்சையில் பத்து விதம். பூண்டு, கேரட், பீன்ஸ், உருளை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அறுவடை நேரத்தில் போனால் பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பார்கள், தெருவே மணக்கும். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோவில். மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை, பழனி முருகனுக்குச் சொல்வதைப் போலவே.

பூம்பாறை கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கி.மீ., மன்னவனூர் சுமார் 35. மன்னவனூரில் ஏரியும், சுற்றிலும் புல்மேடுகளும், மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ராத்திரி அங்கேயே வீட்டோடு ஒட்டிய அறைகளில் தங்கலாம், முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். செல்போன் சிக்னல் வரும் போகும், வீட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போகும்போது இறங்குகிற இடங்களை எல்லாம் மறுநாள் ஏறவேண்டும் என்பதை நினைவில் வைத்து, திரும்பும்போது காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

மேப்பைப் பார்த்து இரண்டு ஆசை வரும். ஒன்று, பேரிஜம் வழியாக மூணாறு போகிற பழைய சாலை. அது பல வருஷங்களாக மூடிக்கிடக்கிறது, பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதி வேண்டும். இன்னொன்று, கிளாவரையிலிருந்து கேரளத்தின் வட்டவடைக்குப் போகும் காட்டு வழி. இரண்டுக்கும் போகாதீர்கள். இது வனவிலங்குச் சரணாலயம், மாட்டிக்கொண்டால் அபராதம், மாட்டாவிட்டால் யானை.

ஏழாம் நாள்: பழனிக்கு இறக்கம், சுமார் 64 கி.மீ.

ஏற்றத்தில் உடம்புக்குத்தான் சோதனை, இறக்கத்தில் சைக்கிளுக்கு. கிளம்பும் முன் பிரேக் கட்டையின் பள்ளக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஜாக்கெட்டும் கையுறையும் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறி, பனி விலகி, எட்டு மணி ஆன பிறகு கிளம்பினால் போதும்.

பெருமாள்மலையில் இடது பக்கம் பழனிச் சாலை பிரியும். அங்கிருந்து 50 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், வடகவுஞ்சி, சவரிக்காடு வழியாக. நாம் ஏறி வந்த வத்தலக்குண்டுச் சாலையைவிட வண்டிகள் குறைவு, வளைவுகள் அதிகம், சில இடங்களில் சாலை மிகக் குறுகல்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகாதீர்கள். வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் கையைத் தளர்த்தி, வெளியே வந்ததும் மறுபடியும் அழுத்துங்கள். சவரிக்காட்டுக்கு மேலே ஒரு முறை ரப்பர் கருகுகிற வாடை வந்து நிறுத்தினேன். சக்கர வளையத்தில் விரலை வைத்ததும் சுரீர் என்றது, அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல் போல. வளையத்தில் இருக்கிற பிரேக்காக இருந்தால் அந்தச் சூட்டில் ட்யூப் வெடித்துவிடும், டிஸ்க் பிரேக்கும் சூடேறினால் பிடிமானம் குறையும். அதிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, பத்து நிமிஷம் ஆறவிட்டுத்தான் போகிறேன். நிறுத்துவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை: மலைவாழைத் தோட்டம், காப்பி, மிளகுக் கொடி, அப்புறம் ஒரு வளைவில் திடீரென்று கீழே பழனிச் சமவெளி.

அடிவாரத்துக்கு முன்னால் வரதமாநதி அணை நீலமாகத் தெரியும். வலது பக்கமோ இடது பக்கமோ இனி எந்த ஓடையைக் கடந்தாலும் அது வைகைக்குப் போகாது.

பழனிக்குள் கூட்டம் இருக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மலைக்கோவிலுக்குப் போகிறவர்கள் சைக்கிளை லாட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். ரயில் நிலையம் ஊரிலேயே இருக்கிறது, பார்சல் பதிவு பற்றி முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது. நேரம் மிச்சம் இருந்தால் உடுமலைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்ச் சண்முக நதிப் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். காவடி எடுப்பவர்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறுவார்கள். நான் போன தடவை அங்கே உட்கார்ந்து, பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "சைக்கிள்லயா தம்பி? எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார். போடியிலிருந்து என்று ஆரம்பித்து ஊர் ஊராகச் சொன்னேன். ராயப்பன்பட்டி சண்முகாநதி என்றதும் நிறுத்தி, "அங்கேயும் ஒண்ணு இருக்கா?" என்று ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.